பெயின்ற்றின் கீழே கறள்: பழைய வாகனத்தின் உண்மை நிலையை அறிவோம்

மீளக் குடியேறும் கமக்காரக் குடும்பம் ஒன்றுக்குக் காணி, கிணறு, நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது ஒரு வாகனம். விளைந்த வெங்காயத்தையும் மிளகாயையும் வாழைக்குலையையும் விடியுமுன் திருநெல்வேலிச் சந்தைக்கோ மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் உழைப்பின் பலனில் ஒரு பகுதி வாடகை வாகனத்துக்கும் இடைத்தரகருக்கும் போய்விடுகிறது. ஆதலால் நகையை விற்றும், உறவினர் அனுப்பிய பணத்தைச் சேர்த்தும், சங்கத்தில் கடன் பெற்றும் பழைய கார் ஒன்றையோ வான் ஒன்றையோ வாங்கும் குடும்பங்கள் எம்மிடையே பல உள்ளன.

புதிய வாகனம் எமக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை வெகுவாக ஏறியது. இருபது, முப்பது, ஐம்பது வயதான வாகனங்களும் தட்டி நிமிர்த்தப்பட்டு, புதுப் பெயின்ற் அடிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. பெயின்ற் மினுங்குகிறது. அதன் கீழே இருப்பது தகரமா, வெறும் பட்டியா, கறளா என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. விற்பவருக்கும் பல வேளைகளில் தெரிவதில்லை.

இயந்திரம் பழுதானால் சத்தத்திலும் புகையிலும் அது தெரிந்துவிடும். கறள் அப்படியல்ல. அது சத்தமின்றித் தின்னும். ஒரு நாள் மூட்டை ஏற்றி வரும்போது வில்லுத் தகடு பூட்டிய இடம் பிய்ந்து போகும். அல்லது பிறேக் மிதிக்கும்போது மிதியடித் தகடே வளைந்து போகும். எனவே கறளைக் கண்டறிவதும் பழைய பட்டியை முறையாக அகற்றுவதும் அழகுக்கான வேலை என்று எண்ணிவிடக் கூடாது. குடும்பத்தின் உயிரும் முதலும் அதில் தங்கியிருக்கின்றன.

எமது மண்ணும் பழைய கார்களும்

பழைய வாகனத்தைப் பேணும் கலை எமது மக்களுக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் அருமையாகியபோது, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களே வீதியில் ஓடின. அவற்றின் இயந்திரங்கள் குறைந்த அமுக்கம் உடையவை. சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கிச் சூடேற்றிய பின் மண்ணெண்ணெயில் ஓட்ட முடிந்தது. திருமணத்துக்கும் அக்கார்களே சென்றன; நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றவையும் அவையே. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் பெருந்திரளாக வெளியேறியபோது அவற்றுள் சில மூட்டை முடிச்சுகளுடன் தென்மராட்சி வரை வந்தன. பல, வீட்டுக் கொட்டில்களிலேயே விடப்பட்டன.

அவ்வாறு விடப்பட்ட வாகனங்கள் மழையிலும் உப்புக் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் நின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோர வாகனங்களைக் கடல்நீரில் முக்கியது. 2009ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் கைவிடப்பட்ட வாகனங்கள் கறள் பிடித்துக் குவிந்து கிடந்ததை எமது வாசகர்கள் பலர் கண்ணால் கண்டிருப்பர். நீண்ட காலம் வெளியில் நின்ற வாகனம் அல்லது உப்புநீரில் மூழ்கிய வாகனம் திரும்ப ஓடும் நிலைக்கு வரலாம். ஆனால் அதன் உட்குழிகளில் தங்கிய உப்பு தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டேயிருக்கும்.

குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கு வெகு தூரத்தில் இல்லை. காற்றில் எப்போதும் உப்பு உண்டு. அதனுடன் மீன் ஏற்றிய வாகனங்களில் பனிக்கட்டி கரைந்து ஒழுகும் உப்புநீரும் சேர்ந்துகொள்கிறது. மீன் ஏற்றிப் பழகிய வானை மரக்கறி ஏற்ற வாங்குவோர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

கறள் எவ்வாறு உண்டாகிறது? பட்டி என்ன செய்கிறது?

இரும்பும் நீரும் ஒட்சிசனும் ஒன்று சேரும்போது கறள் உண்டாகிறது. உப்பு இதனை விரைவுபடுத்துகிறது. இரும்பு கறளாக மாறும்போது பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பெயின்ற் கொப்புளம் போலப் பொங்கி எழுவது இதனாலேயே. வெளியில் ஒரு சத அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு தகரம் போயிருக்கலாம். ஏனெனில் கறள் பெரும்பாலும் உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறத்துக்கு வருகிறது.

நெளிவையும் பள்ளத்தையும் நிரப்புவதற்குப் பட்டறைகளில் பூசப்படும் பசையையே பட்டி என்கிறோம். இது பொலியெஸ்ரர் பிசினும் நுண்ணிய கற்பொடியும் கலந்தது. இறுகவைக்கும் பசையை அளவாகச் சேர்த்ததும் சில நிமிடங்களில் கல்லாகிவிடும். நல்ல தகரத்தின் மேல் மெல்லியதாகப் பூசினால் பட்டி ஒரு குற்றமும் செய்யாது. மூன்று மில்லிமீற்றர் வரை பூசுவது ஏற்றுக்கொள்ளத் தக்கது. அதற்கு மேல் தேவைப்படுமாயின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தவில்லை என்பதே பொருள்.

கறளின் மேல் பட்டி பூசும்போதே கேடு வருகிறது. பட்டி பார்வைக்குக் கல்லாக இருந்தாலும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. பெயின்ற்றில் ஒரு மயிரிழை வெடிப்பு ஏற்பட்டால் போதும், ஈரம் உள்ளே சென்று பட்டியில் தங்கிவிடும். பிறகு வெயில் காய்ந்தாலும் அந்த இடம் முழுதாக உலராது. காயத்தின் மேல் ஈரத்துணி கட்டி வைத்தது போலாகிவிடும். சில இடங்களில் இதனிலும் மோசமான வேலை நடக்கிறது. ஓட்டைக்குள் பழைய பத்திரிகைத் தாளையோ கம்பி வலையையோ திணித்து, அதன்மேல் பட்டி அப்பி, தேய்த்து, பெயின்ற் அடித்துவிடுகிறார்கள். அந்த வேலை ஒரு மாரிக்குக்கூடத் தாங்காது.

கறள் ஒளிந்திருக்கும் இடங்கள்

எல்லா வாகனத்திலும் கறள் மூன்று வகையான இடங்களைத் தேடிப் போகிறது: சேறு தங்கும் இடம், நீர் வடியாத இடம், இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம். இதனை விளக்க எமக்குப் பழக்கமான மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டு தொடங்கி 1971ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இக்காருக்குத் தனியான சட்டகம் கிடையாது. கூடும் தளமும் ஒன்றாக ஒட்டப்பட்டு, அதுவே பாரத்தைத் தாங்குகிறது. (அதே மைனரின் வான், கப் வகைகளுக்கும், ஏ40 வகையில் டெவன், சமர்செற் என்பவற்றுக்கும் தனிச் சட்டகம் உண்டு.) தனிச் சட்டகம் இல்லாத வாகனத்தில் கறள் பிடித்த தகரம் வெறும் உறையன்று, வாகனத்தின் எலும்பே அதுதான். இன்றைய கார்களும் பெரும்பாலான சிறிய வான்களும் இவ்வாறு கட்டப்பட்டவையே.

மைனரில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

1. கதவுகளின் கீழே நீளவாட்டில் ஓடும் படிப் பகுதி. வெளித்தகரம் நன்றாக இருந்தாலும் உட்பெட்டி உக்கியிருக்கலாம்.

2. முன் இருக்கைகளின் கீழ் குறுக்காகச் செல்லும் தாங்கி. முன் சில்லுகளின் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் இதில்தான் பூட்டப்பட்டுள்ளன. இது உக்கினால் காரின் முன்பக்கமே தாழ்ந்துவிடும்.

3. பின்பக்க வில்லுத் தகடுகளின் முனைகள் பூட்டிய இடம்.

4. சாரதியின் மிதியடித் தளம். பிறேக் எண்ணெய் அமுக்கும் பிரதான உருளை இத்தளத்தின் கீழேயே இருக்கிறது.

5. முன் மட்காட்டின் பின்மூலை. சில்லு வீசும் சேறு இங்கே அடைந்து ஆண்டுக்கணக்கில் ஈரமாக இருக்கும்.

6. கதவுகளின் அடிவிளிம்பு. நீர் வடியும் சிறு துளைகள் தூசியால் அடைபட்டால் கதவு ஒரு நீர்த்தொட்டி ஆகிவிடும்.

7. டிக்கியின் தளம். பெற்றோல் தாங்கி இதன் கீழே உள்ளது.

வேறு எந்த வாகனமானாலும் இந்த ஏழு இடங்களுக்கும் ஒப்பான இடங்கள் உண்டு. வான்களில் சாய்கதவு ஓடும் தண்டவாளத்தின் கீழ்ப்பகுதியையும், கப் வகைகளில் பெட்டியின் தளத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்குமுன் செய்யும் சோதனை

இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு காந்தம், ஒரு மழுங்கிய ஸ்குரூ ட்றைவர், ஒரு கைவிளக்கு, நிலத்தில் படுக்க ஒரு சாக்கு, இவை போதும். காந்தத்தைப் பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிக்கொள்ளலாம்.

காலை வெயில் சரிந்து விழும் நேரத்தில் வாகனத்தைப் பாருங்கள். முனையிலிருந்து நீளவாட்டில் ஒரு கண்ணால் நோக்கினால் தட்டி நிரப்பிய இடத்தில் வெளிச்சம் அலை அலையாக நெளிவது தெரியும். மழை பெய்து நனைந்த வாகனத்தையும், அப்போதுதான் கழுவி ஈரமாக நிற்கும் வாகனத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரம் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பெயின்ற் கீறுப்படாதவாறு மெதுவாக நகர்த்துங்கள். நல்ல தகரத்தில் அது இறுகப் பிடிக்கும். பட்டி தடித்த இடத்தில் பிடி தளரும், அல்லது விழுந்துவிடும். அலுமினியத்திலும் கண்ணாடி நாரிலும் பிளாஸ்ரிக் பாகத்திலும் காந்தம் ஒருபோதும் பிடிக்காது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். பின்னர் விரல் முட்டியால் தட்டுங்கள். தகரம் கணீரென்று ஒலிக்கும். பட்டி மொத்தென்று ஒலிக்கும்.

தரை விரிப்புகளைத் தூக்கிப் பாருங்கள். ஈர மணம் வருகிறதா? இருக்கை பூட்டிய ஆணிகளைச் சுற்றியுள்ள தகரம் அசைகிறதா? பிறகு சாக்கை விரித்துக் கீழே படுத்துக்கொள்ளுங்கள். வாகனத்தை யக்கில் மட்டும் தூக்கிவிட்டு ஒருபோதும் அடியில் நுழைய வேண்டாம். ஸ்குரூ ட்றைவரின் பிடியால் தாங்கிகளைத் தட்டி, சந்தேகமான இடத்தில் நுனியால் அழுத்துங்கள். நல்ல இரும்பு இடங்கொடாது. அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புத் தார் பூசப்பட்டிருந்தால், ஏன் இப்போது பூசினீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். தட்டிப் பார்க்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்காமல் விடுவதே நல்லது.

புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வர். 2008ஆம் ஆண்டு முதல் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு அச்சான்றிதழ் தேவைப்படுகிறது. ஆனால் அது புகையை அளப்பது. தளம் உக்கியிருப்பதை அது சொல்லாது. அத்துடன் வாகனத்தில் பொறிக்கப்பட்ட சட்டக இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கம் உள்ள இடத்தில் புதிய ஒட்டோ தேய்ப்போ காணப்பட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்த பின்னரே பணம் கொடுங்கள்.

பழைய பட்டியை அகற்றுதல்

வாகனம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது, பெயின்ற் பொங்குகிறது, என்ன செய்வது? முதற்கட்ட வேலையில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பட்டறையில் கூலி ஏறுவது இந்தச் சுரண்டும் வேலையினாலேயே. பொறுமையுள்ள இருவர் இருந்தால் போதும்.

தொடங்குமுன் பற்றறியைக் கழற்றுங்கள். இருக்கை, விரிப்பு, கதவின் உள் அட்டை ஆகியவற்றை அகற்றுங்கள். சட்டக இலக்கம் உள்ள இடத்தைத் தடித்த நாடா ஒட்டி மறைத்துவிடுங்கள். அது தேய்ந்தால் பின்னர் சட்டத் தொல்லை வரும். மைனரின் மட்காட்கள் ஆணிகளால் பூட்டப்பட்டவை. கறள் பிடித்த ஆணிகளுக்கு முதல் நாள் மாலையே எண்ணெய் விட்டு வைத்து, மறுநாள் கழற்றி எடுத்தால் உட்புறம் முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

அடுத்து, பட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காந்தத்தால் கண்டு சோக்கட்டியால் வட்டமிடுங்கள். தடித்த பட்டியைப் பழைய உளியாலும் சிறு சுத்தியலாலும் சரிவாகத் தட்டினால் துண்டு துண்டாகக் கழரும். எஞ்சியதைச் சுரண்டியாலும் கரடான அரத்தாளாலும் அகற்றுங்கள். கிறைண்டரில் கம்பித் தூரிகை பூட்டினால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால் தகரம் சூடேறி நெளிந்துவிடும். சோக்கட்டி வட்டத்துக்கு வெளியேயும் நான்கு விரல் அகலத்துக்கு நல்ல தகரம் தெரியும் வரை பெயின்ற்றை அகற்றுங்கள். வட்டத்துக்குள் மட்டும் நிறுத்தினால் ஓரத்தில் ஒளிந்திருக்கும் கறள் அடுத்த மாரியில் திரும்பவும் வரும்.

சிலர் நெருப்பைப் பிடித்துப் பட்டியை இளக்குவார்கள். இதனைச் செய்யாதீர்கள். பட்டியும் பெயின்ற்றும் எரிந்து வரும் புகை நஞ்சாகும். பழைய பிரித்தானியக் கார்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தகரம் பொருந்தும் இடங்களைத் தொழிற்சாலையிலேயே ஈயக் கலவையால் நிரப்பியிருப்பார்கள். அக்காலப் பெயின்ற்றிலும் ஈயம் உண்டு. ஈயத் தூசி சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆதலால் மூக்கையும் வாயையும் நல்ல தூசிக் கவசத்தால் மூடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். கிணற்றடியிலும் சமையல் கொட்டிலுக்கு அருகிலும் வேலை செய்ய வேண்டாம். கீழே பழைய தறப்பாள் விரித்து, விழும் தூசியையும் துண்டுகளையும் திரட்டிக் கட்டுங்கள். தோட்டத்தில் கொட்ட வேண்டாம். வேலை செய்த உடுப்புடன் பிள்ளையைத் தூக்க வேண்டாம்.

வெட்டுவதா, விடுவதா?

பட்டி போன பின்னர் தகரம் தன் உண்மையைச் சொல்லும். மூன்று நிலைகளை நாம் காணலாம்.

முதலாவது, மேற்பரப்புக் கறள். செம்மை நிறம் மட்டும் உண்டு, தகரம் உறுதியாக இருக்கிறது. கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் பளபளக்கும் வரை தேய்த்தாற் போதும்.

இரண்டாவது, குழி விழுந்த கறள். அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரியும். தேய்த்த பின்னும் குழிகளின் அடியில் கறுப்பாகக் கறள் தங்கியிருக்கும். பொசுபோரிக் அமிலம் கொண்ட கறள் மாற்றித் திரவத்தைக் கையுறை அணிந்து பூசினால் மீதிக் கறள் அசையாத கறுப்புப் படலமாக மாறும். போத்தலில் கூறியபடி கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். இத்திரவம் தூளாகக் கழரும் தடித்த கறளுக்கு மருந்தாகாது.

மூன்றாவது, ஓட்டை விழுந்த அல்லது விரலால் அழுத்தினால் நெளியும் தகரம். இதற்கு ஒரே வழி வெட்டி எறிவதுதான். உறுதியான தகரம் வரும் வரை வெட்ட வேண்டும். வெட்டும் இடம் பெரிதாகிறதே என்று மனம் தளர்ந்து பாதியில் நிறுத்தினால் புதுத் தகரத்தை ஒட்டுவதற்கு உறுதியான விளிம்பு கிடையாது. வெல்டிங் நெருப்புப் பட்டதும் விளிம்பு கரைந்து ஓடிவிடும்.

வெல்டிங் வேலையைப் பழகிய கைகளிடம் கொடுங்கள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெளிக்கூட்டுக்கு ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் தடிப்புள்ள 20ஆம் இலக்கத் தகடும், பாரம் தாங்கும் இடங்களுக்கு 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள 18ஆம் இலக்கத் தகடும் பொருந்தும். எண்ணெய்த் தகரத்தையும் கூரைத் தகட்டையும் வெட்டி ஒட்டுவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கூரைத் தகட்டில் உள்ள நாகப்பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகி ஒட்டுபவருக்குக் காய்ச்சலைத் தரும். குச்சியால் ஒட்டும் சாதாரண மின் வெல்டிங் மெல்லிய தகரத்தை எளிதில் ஓட்டையாக்கிவிடும். வாயு வெல்டிங்கோ, கம்பிச் சுருளுடன் வாயுவைச் செலுத்தி ஒட்டும் மிக் வெல்டிங்கோ நல்லது.

பழைய தகரத்தின்மேல் புதுத் தகரத்தைப் போர்த்தி ஒட்டினால் இரண்டுக்கும் இடையில் ஈரம் புகும். விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டுவதே சிறந்தது. அது இயலாத இடத்தில் இரு தகரங்களுக்கும் இடையில் முதலிலேயே நாகம் கலந்த அடிப்பூச்சுப் பூசி, ஒட்டிய பின் விளிம்பை அடைப்புப் பசையால் மூடச் சொல்லுங்கள்.

பெற்றோல் தாங்கியைக் கழற்றி வாகனத்திலிருந்து தூரத்தில் வைத்த பின்னரே டிக்கிப் பக்கம் வெல்டிங் செய்ய வேண்டும். வெறும் தாங்கிதானே என்று எண்ண வேண்டாம். நிறைந்த தாங்கியிலும் பார்க்க, ஆவி நிரம்பிய வெறும் தாங்கியே வெடிக்கக்கூடியது. அருகில் ஈரச் சாக்கும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். கதவுப் படியையோ தளத்தையோ வெட்டும்போது வாகனத்தை நான்கு இடங்களில் சமமாகத் தாங்கி நிறுத்துவது அவசியம். இல்லாவிட்டால் கூடு வளைந்து, பின்னர் கதவு பூட்டாது.

மூடும் வேலை

தேய்த்த தகரத்தை அன்றிரவு அப்படியே விட்டுவிடாதீர்கள். எமது காற்றில் மறுநாட் காலையிலேயே செம்மை படர்ந்துவிடும். எண்ணெய்ப் பசை போகத் தின்னரால் துடைத்து, அன்றே அடிப்பூச்சுப் பூசுங்கள். மாரி காலத்தில் இவ்வேலையைத் தொடங்காமல் பங்குனி, சித்திரை வெயிலில் செய்வது நல்லது.

இதன் பின்னரே புதுப் பட்டி. நூறு கிராம் பட்டிக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் இறுக்கும் பசை போதும். கூடினால் பட்டி வெடிக்கும். பெயின்ற்றின் மேல் கறையும் தோன்றும். மெல்லிய படலங்களாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகிய பின் உலர்ந்த அரத்தாளால் தேயுங்கள். பட்டியை நீர் தொட்டுத் தேய்த்தால் ஈரத்தை நாமே உள்ளே அடைத்து வைத்தவர்களாவோம். நீர் தொட்டுத் தேய்ப்பதை மேற்பூச்சு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கம் முடிந்ததும் பலர் வேலை முடிந்ததென்று எண்ணுகிறார்கள். கறள் உட்புறத்திலிருந்தே வருகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. கதவின் உட்புறம், படிப் பெட்டி, தாங்கிகள் ஆகியவற்றின் உள்ளே மெழுகு கலந்த கறள் தடுப்பு எண்ணெயைக் குழாய் மூலம் விசிற வேண்டும். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமல் சிறு கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள்.

அக்காலத்தில் இதற்குக் கழிவு எஞ்சின் எண்ணெயைப் பூசுவார்கள். அது ஒழுகி நிலத்தில் விழும். எமது குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறைகளின் வெடிப்புகளூடாக ஓடுவது. மேலே விழுந்தது கீழே போக அதிக காலம் எடுக்காது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி எழுந்த கவலையை நாம் அறிவோம். ஒரு வாகனத்தைக் காப்பதற்காக ஒரு கிணற்றை இழக்க முடியாது. கழிவு எண்ணெயைக் கலனில் சேர்த்துப் பட்டறைக்கே திருப்பிக் கொடுங்கள்.

செலவும் கணக்கும்

எந்த வாகனத்தையும் திருத்திவிடலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. குறுக்குத் தாங்கி, இரு பக்கப் படிகள், வில்லுத் தகடு பூட்டும் இடங்கள் எல்லாம் ஒருசேர உக்கியிருந்தால், அவ்வாகனத்தைப் பாகங்களுக்காக விற்றுவிட்டு வேறொன்றைத் தேடுவதே இலாபம். மட்காட்டும் கதவு விளிம்பும் மட்டும் போயிருந்தால் துணிந்து திருத்தலாம். பட்டறையில் கொடுக்கும்போது மொத்தமாக விலை பேசாமல், வெட்டும் இடங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பேசுங்கள். பட்டி பூசுமுன் தகரத்தைத் தன் கண்ணால் பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். நல்ல தொழிலாளர் இதற்கு மனம் கோணமாட்டார். தன் ஒட்டைக் காட்டுவது அவருக்கும் பெருமைதான்.

பழையதைப் பேணுவது வறியவனின் வேலை என்று எண்ணி எவரும் தாழ்வாக உணர வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், காரை அடிக்கடி மாற்றாமல் ஒன்றையே திருத்தித் திருத்தி ஓட்டுவதன் பொருளாதாரத்தை விளக்கி 1982ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். அவரது தொடர்பினால் 1990களில் தென்னிலங்கையில் மைனரின் தகரப் பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. இந்நாட்டின் கைவேலைக்கு அங்கே மதிப்பிருந்தது. எமது இளைஞர்களும் யுவதிகளும் இந்தத் தகர வேலையை முறையாகக் கற்றால் அது ஊரிலேயே சோறு போடும் தொழிலாகும்.

வெளிப்பூச்சை மட்டும் பார்த்து நிறைவு கொள்வது வாகனத்தில் மட்டும் நேரும் தவறன்று. எமது சங்கங்களிலும் கணக்குகளிலும் உறவுகளிலும்கூட மூடிப் பூசி வைத்தது ஒரு நாள் பொங்கி வெளிவரும். திறந்து பார்ப்பதற்குத் துணிவும், உக்கியதை வெட்டுவதற்கு மனமும், நல்லதை விட்டுவைப்பதற்கு நிதானமும் வேண்டும். அப்படித் திருத்தப்பட்ட வாகனம் பார்வைக்குச் சற்று மங்கலாக இருந்தாலும், மூட்டையையும் அதன்மேல் இருக்கும் பிள்ளையையும் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

கமக்காரர் அமைப்புகளில் கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராமத்தில் எத்தனை குடும்பங்கள் சந்தைக்குத் தனித்தனியே வாடகை வாகனம் பிடிக்கின்றன? சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாகனத்தைப் பேண முடியுமா?

2. பழைய வாகனம் வாங்கச் செல்லும் ஒருவருடன், சோதனை செய்யத் தெரிந்த இன்னொருவரையும் அனுப்ப எமது அமைப்பில் ஒழுங்கு செய்யலாமா?

3. பட்டித் தூசியையும் கழிவு எண்ணெயையும் ஊரில் எங்கே கொட்டுகிறோம்? அருகில் யாருடைய கிணறு இருக்கிறது?

4. தகர வேலையும் வெல்டிங்கும் கற்க விரும்பும் இளையோர் எம்மிடையே யார் யார்? அவர்களைப் பழக்கக்கூடிய மூத்த தொழிலாளர் யார்?